கோள்சொல்லி

மழை பிடித்துப் பதினெட்டு நாளாகியும் விடவில்லை. நவம்பரில் இரண்டு நாள் தூறிவிட்டு, அப்புறம் மூன்று மாதம் காய்ந்த குளிரில் வாட்டி எடுப்பதுதான் லா மான்சாப் பக்கத்து வானத்தின் வழக்கம். இந்த வருஷம் ஹூகார் ஆறு கலங்கிக் கரையேறப் பார்த்தது. திராட்சைத் தோட்டங்களில் கணுக்கால் தண்ணீர் நின்றது. மழை பெய்தால் அந்த ஊரில் எல்லா வீட்டிலும் மிகாஸ்தான் சமையல். பழைய ரொட்டியை உதிர்த்து, தண்ணீர் தெளித்து, பூண்டும் பன்றிக்கொழுப்பும் போட்டு அரை மணி நேரம் கை ஓயாமல் கிண்ட வேண்டும். ஒரு நாள் மழைக்கு அது ருசி. பதினெட்டு நாள் மழைக்கு அதே சட்டி சலித்துப்போனது. இருந்தாலும் யாரும் மாற்றவில்லை.

கசில்டா விடிவதற்கு முன் எழுந்து காளான் கொட்டகைக்குப் போவாள். பதினோரு மணிக்குத் திரும்புவாள். எருவும் சுண்ணாம்பும் கலந்த வாடை போகக் குளிப்பாள். பிறகு மாடியறைக்கு ஏறி, புருஷன் செய்த கிதார்களுக்கு அரக்குத் தேய்க்க உட்காருவாள். ஊரில் பாதிப் பேருக்குக் காளான், மீதிப் பேருக்குக் கிதார். இந்த வீட்டில் இரண்டும் இருந்தன. இரண்டும் சேர்ந்தும் ஒரு முழுப் பிழைப்பாக ஆகவில்லை.

அரக்கைச் சாராயத்தில் கரைத்து, கம்பளி நூலைத் துணியில் முடிந்த சின்னப் பொட்டலத்தில் தொட்டுத் தேய்க்க வேண்டும். அந்தப் பொட்டலத்துக்கு ஊரில் பொம்மை என்று பெயர். வட்டம் வட்டமாக, எட்டு எட்டாகப் பொம்மை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நொடி நின்றால் அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு தோலை உரித்துவிடும். ஒரு கிதாருக்கு மூன்று வாரம். தொழிற்சாலையில் துப்பாக்கியால் பீய்ச்சி இருபது நிமிஷத்தில் முடித்துவிடுகிறார்கள் என்று எலோய் சொல்வான். அவன் அங்கே இருந்து வந்தவன்.

அன்று செவ்வாய்க்கிழமை. முதல் கிதாரை மடியில் வைத்துக் கடைசிப் பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மொத்தம் பத்துக் கிதார்கள். மற்றவை மும்மூன்றாக மாடிக்கு வந்து, பூச்சு வாங்கிக்கொண்டு, எலோய் வேலைக்கு எடுத்திருந்த கொட்டகைக்குத் திரும்பிவிடும். இது மட்டும் மாதிரிக்கென்று மாடியிலேயே இருந்தது, மழை தொடங்கிய அன்று மூட்டிய கணப்படுப்புக்குப் பத்தடி தள்ளி.

துடைத்துவிட்டுக் கிதாரைச் சாய்த்துப் பிடித்தாள். முகப்புப் பலகையில் சன்னல் தெரிந்தது. சன்னலின் நடுச்சட்டம் வளைந்து தெரிந்தது.

அவள் சன்னலைத் திரும்பிப் பார்த்தாள். சன்னல் நேராகத்தான் இருந்தது.

இரும்பு அளவுகோலை எடுத்துத் தந்திகளுக்கு அடியில் குறுக்காகப் பலகைமேல் வைத்தாள். நல்ல கிதாரின் முகப்பு நடுவில் மயிரிழை மேடாக இருக்கும். அளவுகோல் நடுவில் தொட்டு ஓரங்களில் தூக்கிக்கொள்ளும். இங்கே ஓரங்களில் தொட்டது. நடுவில் இருந்த இடுக்கு வழியாக வெளிச்சம் தெரிந்தது.

"எலோய், கொஞ்சம் மேல வா."

"கையில வேலை இருக்கு."

"வேலையத்தான் பாக்கச் சொல்றேன்."

படியேறி வந்தவன் வாசலிலேயே நின்றான். குட்டையான ஆள், முன்கைகள் மட்டும் வேறு யாருடையதோ போலத் தடித்திருக்கும். அளவுகோலைப் பார்த்தான். குனிந்து வெளிச்சத்தைப் பார்த்தான். பிறகு அடுப்பைப் பார்த்தான்.

"அடுப்புக்கிட்ட வெச்சிருக்கே."

"பத்தடி தள்ளித்தான் வெச்சிருக்கேன்."

"பதினெட்டு நாள் அடுப்புக் காத்து குடிச்சா எதுதான் நேரா இருக்கும்? நீயும் நானுமே வளைஞ்சுட்டோம். கீழ கொண்டுபோய் வெச்சா தானா எழும்பிரும்."

"எழும்பலைன்னா?"

"வெள்ளிக்கிழமை அந்தாளு வர்ற வரைக்கும் எழும்பி நின்னா போதும்."

சிரிக்கத்தான் சொன்னான். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அந்தாள் என்பது ஸ்டைனார். நார்வேயில் ட்ரோண்ட்ஹெய்ம் என்ற ஊரில் இசைக்கருவிக் கடை வைத்திருப்பவர். அவர் கடைச் சுவரில் பல வருஷமாக ஒரே ஒரு பெயர்தான் தொங்கியது. உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். அந்தக் கம்பெனி போன வருஷம் ஒரு கடிதம் போட்டது. வருஷத்துக்கு அறுபது கிதார் எடு, இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை என்று. அவருக்குக் கோபம் வந்து ஒரு வரிசையைக் காலி செய்தார். பத்துக் கொக்கிகள். அதில் மாட்ட, பெயர் தெரியாத ஆள் கையால் செய்த கிதார் வேண்டுமென்று தேடி, யார் யாரையோ கேட்டு, கடைசியில் எலோயைப் பிடித்தார். கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்குப் பத்தும் கடைக்குப் போய்விட வேண்டும். வெள்ளிக்கிழமை அவரே வந்து பார்த்து, பெட்டியில் போட்டு, லாரியில் ஏற்றிவிட்டுப் போவதாக ஏற்பாடு.

இது தப்பினால் அடுத்தது என்னவென்று கசில்டாவுக்குத் தெரியும். எலோய் திரும்பவும் வலென்சியா போவான். அங்கே ஒரு தொழிற்சாலையில் ஐந்து வருஷம் கிதார்க் கழுத்து செதுக்கியவன் அவன். நாளைக்கு நாற்பது கழுத்து. ஒரே மாதிரிக் கிதார்களில் மூன்று விதப் பெயர்ச்சீட்டு ஒட்டி மூன்று விலைக்கு அனுப்புவார்கள். அந்த ஐந்து வருஷமும் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைப் புருஷன்தான். சனிக்கிழமை இரவு வருவான், ஞாயிறு முழுக்கத் தூங்குவான், சாயங்காலம் பேருந்து ஏறுவான். தலையணையில் மரத்தூள் மட்டும் கிடக்கும். அந்த வாழ்க்கையை நினைத்தால் அவளுக்கு அழுகை வராது, பல்லைக் கடிக்கத்தான் தோன்றும்.

அன்று இரவு அவள் சரியாகத் தூங்கவில்லை. ஒரு விஷயம் மனதில் கிடந்து நெருடியது.

காளான் கொட்டகைக்குள் நெற்றி விளக்கோடுதான் வேலை. இரண்டு பக்கமும் ஐந்தடுக்குப் படுக்கைகள், அதில் எருப்பைகள், பைகள்மேல் வெள்ளை வெள்ளையாகக் காளான் முட்டிக்கொண்டு நிற்கும். திருகி எடுத்து, காலை நறுக்கி, பெட்டியில் போட வேண்டும். சுவரெல்லாம் வியர்த்துக்கொண்டிருக்கும். மறுநாள் காலையில் மேலடுக்கில் நியேவெஸ் பறித்தாள், கீழடுக்கில் கசில்டா. இரண்டு பேரும் பதினான்கு வருஷமாக ஒரே அறையில் பறிப்பவர்கள்.

"அடி கசில்டா, காலை வெட்டச் சொன்னா தலையை வெட்டுறே. அது காளான்டி, உன் மாமியா இல்ல."

"கை ஓடலை."

"கை எங்க ஓடும், மனசுதான் நார்வேக்கு ஓடிருச்சே. அவரு எப்படி இருப்பாரு? உசரமா?"

"நியேவெஸ், ஒண்ணு கேக்கணும். ஜூலையில நாலாம் அறையிலிருந்து ஒரு ஈரமானியைக் கழட்டிக் குப்பையில போட்டாங்களே. எதுக்குக் கழட்டினாங்க?"

"அதுவா? அறையை வேக வெக்கிறப்ப அந்த ராமோன் கழுதை அதை உள்ளயே விட்டுட்டான்."

அறுவடை முடிந்த அறைக்குள் கொதிக்கும் ஆவியை விட்டு எட்டு மணி நேரம் பூட்டி வைப்பார்கள், நோய்க்கிருமி சாக. அதைத்தான் வேகவைப்பது என்பார்கள்.

"அது வெந்தே போச்சு" என்றாள் நியேவெஸ். "தண்ணியில முக்கினாலும் அம்பதைத் தாண்டலை. எல்லாரும் அதை வெச்சுச் சிரிச்சோமே. நீ அன்னிக்கு லீவு."

"நான் அதைக் குப்பையிலிருந்து எடுத்துட்டுப் போனேன்."

"எதுக்கு?"

"பழசுன்னு போட்டுட்டாங்கன்னு நெனச்சேன். கண்ணாடி நல்லா இருந்துச்சு."

நியேவெஸ் மேலடுக்கிலிருந்து குனிந்து பார்த்தாள். விளக்கு கசில்டாவின் கண்ணில் அடித்தது.

"ஏண்டி முகம் இப்படிப் போச்சு? ஒரு குப்பை மானிக்கா?"

கசில்டாவின் மனதில் ஒரே ஒரு எண்தான் ஓடியது. நாப்பத்தெட்டு. அந்த மானி செப்டம்பர் முழுக்க நாப்பத்தெட்டுதான் காட்டியது. மழை நாளில் நாப்பத்தொன்பது.

நடந்தது இதுதான். கிதாரின் முகப்புப் பலகைக்கு உள்ளே மெல்லிய குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, அப்புறம் முதுகை வைத்து மூட வேண்டும். காற்று காய்ந்திருக்கும் நாளில்தான் இதைச் செய்வார்கள். ஈரநாளில் பலகை உப்பியிருக்கும். உப்பிய நிலையிலேயே குச்சியை ஒட்டி மூடிவிட்டால், பின்னால் காயும்போது பலகை சுருங்கப் பார்க்கும், குச்சி விடாது. நடுப்பகுதி குழிந்து, ஒரு நாள் வெடிக்கும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஒவ்வொரு பட்டறையிலும் சுவரில் ஒரு கோள்சொல்லி தொங்கும். நீளவாக்கில் அறுத்த ஒரு பட்டையும் குறுக்குவாக்கில் அறுத்த ஒரு பட்டையும் முதுகோடு முதுகு ஒட்டிய, கை நீளக் குச்சி. மேல்முனையை ஆணியில் அடித்துவிட்டால் கீழ்முனை காற்றின் ஈரத்துக்கு ஏற்ப வளையும். காய்ந்தால் சன்னல் பக்கம் சாயும், ஈரமானால் வாசல் பக்கம். சன்னல் பக்கம் சாய்ந்தால் ஒட்டு, இல்லாவிட்டால் போய் வேறு வேலையைப் பார். அவ்வளவுதான் அதன் பேச்சு.

ஆனால் ஸ்டைனார் முதல் கடிதத்திலேயே ஒரு கேள்வி கேட்டிருந்தார். நீங்கள் எத்தனை சதவீத ஈரத்தில் ஒட்டுகிறீர்கள்? பெரிய கம்பெனிக்காரர்கள் அதைச் சீட்டிலேயே அச்சடித்துத் தருவார்களாம். எலோய்க்கு முகம் தொங்கிவிட்டது. குச்சி எண் சொல்லாது.

"சன்னல் பக்கம் சாஞ்சப்ப ஒட்டினோம்னு எழுதவா? சிரிப்பான். எண் வேணும்" என்றான்.

வீட்டுப் பட்டறையில் ஒரே சமயத்தில் மூன்று கிதாருக்கு மேல் வைத்து வேலை செய்ய இடம் இல்லை. அதனால் மார்செலினோவின் பழைய காளான் கொட்டகையை எடுத்துக்கொண்டான். அந்த வாரம்தான் கசில்டா மானியைக் கொண்டுவந்தாள், ஏதோ பரிசு கொண்டுவருகிற மாதிரி, இடுப்பில் கட்டிய ஏப்ரனில் துடைத்து. எலோய் அதைக் கொட்டகைச் சுவரில் மாட்டினான். நாப்பத்தெட்டு என்று நார்வேக்கு எழுதினான். கோள்சொல்லி வீட்டிலேயே தொங்கியது.

வேலை முடிந்ததும் அவள் குளிக்கக்கூட இல்லை. வீட்டுக்குப் போய், ஆணியோடு குச்சியைப் பிடுங்கி, மேலங்கிக்குள் வைத்துக்கொண்டு மார்செலினோ கொட்டகைக்கு நடந்தாள். மழை சாய்வாக அடித்தது.

மார்செலினோ வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இடுப்பு போனபிறகு காளானை விட்டவர். அவருக்கு வேலை இல்லை. மழையைப் பார்ப்பதும் போகிறவர்களை வம்புக்கு இழுப்பதும்தான்.

"உன் புருஷன் இல்ல மகளே. தந்தி வாங்கப் போயிருக்கான்."

"உங்களைத்தான் பாக்க வந்தேன்."

"என்னையா? பொம்பளைங்க என்னைப் பாக்க வந்து இருபது வருஷமாச்சு. உக்காரு, முதல்ல முடியைச் சீவிக்கிறேன்."

அவள் உள்ளே போய் மானிக்குப் பக்கத்தில் குச்சியை அடித்தாள். சுவரில் சன்னலே இல்லை. வாசல் பக்கம் மட்டும் இருந்தது. மேலே கயிற்றில் ஒன்பது கிதார்கள் அரக்குப் பளபளப்போடு தொங்கின. பார்க்க அழகாகத்தான் இருந்தன. மானி நாப்பத்தொன்பது காட்டியது.

வெளியே வந்து மார்செலினோவுக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் கொடுத்த சிகரெட்டை வாங்கிப் பற்ற வைத்தாள்.

"இந்தச் சுவர் ஈரமாண்ணே?"

"முப்பது வருஷம் காளானோட மூச்சைக் குடிச்ச சுவரும்மா இது. ஆகஸ்டுலயே கக்கும். அவன்கிட்ட அன்னிக்கே சொன்னேன். மானி நாப்பத்தெட்டுன்னு காட்டுதுன்னான். எண்ணைச் சொல்லி வாயை அடைச்சுட்டான். நான் காளான்காரன், எனக்குக் கிதாரைப் பத்தி என்ன தெரியும்? என் முழங்காலைப் பத்தித்தான் தெரியும். உள்ள அஞ்சு நிமிஷம் நின்னா அது பேச ஆரம்பிச்சிரும்."

"முழங்கால் சொன்னதைக் கேட்டிருக்கலாம்."

"முழங்காலை நார்வேக்கு எழுதி அனுப்ப முடியுமா?"

இரண்டு சிகரெட் முடிந்து உள்ளே போனாள். குச்சி வாசலைப் பார்த்து வில்லாக வளைந்திருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது சொன்னாள். சட்டியை நடுவில் வைத்து இரண்டு பேரும் கரண்டியால் எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். மிகாஸ்மேல் திராட்சைப் பழம் உதிர்த்திருந்தாள். மானி குப்பையிலிருந்து வந்தது, ஆவியில் வெந்தது, நான்தான் விசாரிக்காமல் எடுத்து வந்தேன். மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

எலோய் மென்றுகொண்டே இருந்தான்.

"எப்பத் தெரியும்?"

"நேத்து."

"நேத்து தெரிஞ்சு இன்னிக்குச் சொல்றே."

"நேத்து குச்சியை வெச்சுப் பாத்தேன். ராத்திரி பூரா நீ தூங்கினே. எனக்குச் சொல்லத் தைரியம் இல்ல."

"பத்தும் அங்கதான் மூடினேன்."

"தெரியும்."

"பத்தும், கசில்டா."

அவன் அதற்கு மேல் என்ன சொல்லியிருப்பானோ, மாடியில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த விறகு முறிகிற சத்தம். அதன் பின்னாலேயே ஆறு தந்தியும் சேர்ந்து மெல்ல முனகி அடங்கின. இரண்டு பேரும் கரண்டியைப் பிடித்தபடி கூரையைப் பார்த்தார்கள்.

போய்ப் பார்க்க அவசரம் இல்லை. என்ன ஆகியிருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். எலோய் இன்னும் இரண்டு வாய் தின்றான். பிறகுதான் எழுந்தான்.

தந்திகளைக் கட்டும் பாலத்திலிருந்து அடிவரைக்கும் ஒரு விரிசல். கத்தியால் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. அவள் மூன்று வாரம் தேய்த்த அரக்கு இரண்டு பக்கமும் தோலாக உயர்ந்து நின்றது.

"இது அடுப்பால" என்றான் எலோய்.

"எலோய்."

"அடுப்பாலன்னு சொல்றேன். மத்த ஒம்பதும் நல்லா இருக்கு. நாளைக்கு அவரு பாக்கறப்ப நல்லா இருக்கும். வாசிச்சுப் பாப்பாரு, நல்லா ஒலிக்கும். பெட்டியில போட்டு அனுப்பறோம்."

"அங்க ஜனவரியில மைனஸ் பதினஞ்சு. கடைக்குள்ள ராவும் பகலும் கணப்பு ஓடும். இந்த அடுப்பு அதுக்கு முன்னால ஒண்ணுமே இல்ல. ஒண்ணு ஒண்ணா வெடிக்கும். ஆளுங்க வீட்ல வெடிக்கும்."

"வெடிச்சா ஒட்டிக்கலாம். நானே போய் ஒட்டித் தர்றேன்."

"ஒம்பது வீட்டுக்கு?"

"பெரிய கம்பெனிக் கிதார் வெடிக்கறதில்லையா? வெடிச்சா என்ன பண்றான் தெரியுமா? மரம் உயிருள்ள பொருள்னு ஒரு அச்சடிச்ச தாள் அனுப்புவான், கூடவே புதுசா ஒண்ணு அனுப்புவான். நானும் அனுப்பறேன் தாளு."

"புதுசு?"

அவன் கிதார்மேல் குனிந்தான். விரிசலின் ஓரத்தைக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தான். அமுக்கினால் மூடியது, விட்டால் திறந்தது.

"அந்தக் கம்பெனிக்காரன் பேரு ஒம்பது வெடிப்பைத் தாங்கும். உன் பேரை இன்னும் ஒருத்தனுக்கும் தெரியாது. முதல்ல தெரியறதே வெடிச்ச கிதார்ல தெரியணுமா?"

"அதுக்கு நான் என்ன பண்ணணும்கறே? நீ கொண்டுவந்த மானி. நீ. குப்பையிலிருந்து பொறுக்கி, துடைச்சு, எடுத்துட்டு வந்தது நீ. இப்ப நியாயமும் நீயே பேசறே."

"ஆமா. நான்தான்."

"திரும்பவும் நாப்பது கழுத்துக்கு என்னை அனுப்பறதுன்னு முடிவு பண்ணிட்டியா?"

"நான் அப்படிச் சொல்லலை."

"வேற எப்படிச் சொல்றது? முதுகைத் திறக்கணும், காய வெக்கணும், உள்குச்சியைப் பேத்துத் திரும்ப ஒட்டணும், மூடணும், மறுபடி நீ அரக்குத் தேய்க்கணும். ஏப்ரல் ஆயிரும். அவரு கொக்கி ஏப்ரல் வரைக்கும் சும்மா தொங்குமா?"

அவன் இறங்கிப் போனான். பட்டறையில் எதையோ இழைக்கும் சத்தம் சாயங்காலம் வரைக்கும் கேட்டது. என்ன இழைத்தான் என்று பார்த்தால், ஒன்றும் இல்லை. ஒரு சைப்ரஸ் கட்டையை முழுக்கச் சீவிச் சுருளாக்கித் தரையில் குவித்திருந்தான்.

வெள்ளிக்கிழமை அவள் கொட்டகைக்கு லீவு சொன்னாள். காலையில் இருவரும் ஒன்பது கிதாரையும் போர்வை போர்த்தி வீட்டுப் பட்டறைக்குக் கொண்டுவந்து மேசைகளில் வரிசையாகக் கிடத்தினார்கள். பதினோரு மணிக்கு எலோய் சாவுவீட்டுக்குப் போடும் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு அல்பசேத்தே ரயில் நிலையத்துக்குக் கிளம்பினான். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். மழையில் ரயில் தாமதம் என்று வானொலியில் சொன்னார்கள்.

"ஏதாவது நல்லதா சமைச்சு வை" என்றான்.

"மிகாஸ் பண்றேன்."

"மிகாஸ் வேணாம்."

"மழை பெய்யுது."

கார் போன சத்தம் அடங்கும்வரை நின்றாள். பிறகு பட்டறைக்குள் போய் ஒன்பதையும் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் சன்னல் தெரிந்தது. நேராகத்தான் தெரிந்தது.

அவள் அதிக நேரம் யோசித்தாள் என்று சொல்ல முடியாது. சாராய அடுப்பைப் பற்ற வைத்தாள். எலோயின் மெல்லிய தட்டைக் கத்தியை அதன்மேல் வைத்தாள். சட்டைப்பையிலிருந்து தன் காளான் கத்தியை எடுத்தாள். பதினான்கு வருஷம் தீட்டித் தீட்டிப் பாதி தேய்ந்து, கட்டைவிரல் அகலத்துக்கு வந்துவிட்ட கத்தி. வரிசையில் முதலாவதாக இருந்ததைக் கவிழ்த்துப் போட்டு, முதுகைச் சுற்றி ஓடும் ஓரப்பட்டையைக் காளான் கத்தியால் கீறி உரித்தாள். அவள் தேய்த்த அரக்கு செதில் செதிலாகப் பறந்தது. பழுதுபார்க்க வரும் கிதார்களை எலோய் திறக்கும்போது எத்தனையோ தடவை பிடித்துக்கொண்டிருக்கிறாள். சூட்டுக் கத்தியை இடுக்கில் நுழைத்து அழுத்தி, காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் மரம் கிழியும்.

எலோய் வஜ்ஜிரத்தில்தான் ஒட்டுவான். தோலைக் காய்ச்சி எடுக்கும் பழைய பசை, ஒட்டுவதற்கு முந்தின நாளே ஊறப் போட வேண்டும். தொழிற்சாலையில் போடுகிற வெள்ளைப் பசை ஒட்டினால் ஒட்டினதுதான், உடைத்துத்தான் எடுக்க வேண்டும். வஜ்ஜிரம் சூட்டுக்கு விட்டுக்கொடுக்கும். கத்தி நுழைந்த இடத்தில் நனைந்த மாட்டுத்தோல் வாடை கிளம்பியது. டிக், டிக் என்று விரல் விரலாக விட்டது. நாற்பது நிமிஷத்தில் இந்திய ஈட்டிமர முதுகு முழுசாகக் கையோடு வந்தது. உள்ளே எலோயின் குச்சிகள் சுத்தமாக, ஒரு பிசிறில்லாமல் இருந்தன. யாரும் பார்க்காத இடத்தில் அவன் அவ்வளவு சுத்தமாக வேலை செய்வான். அது அவளுக்குத் தெரியும். அதைப் பார்த்தபோதுதான் கத்தியை ஒரு தடவை கீழே வைத்தாள்.

இரண்டாவதையும் திறந்தாள். மூன்றாவது பாதியில் இருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. அவள் கத்தியை எடுக்கவில்லை. எடுத்தால் பசை திரும்ப இறுகிவிடும்.

முதலில் எலோயின் குரல், பிறகு வேறு ஒரு குரல், பிறகு குடை உதறும் சத்தம். கதவு திறந்தது. ஸ்டைனார் நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து நுழைந்தார். உயரமான, கூன் விழத் தொடங்கிய மனிதர். வருஷா வருஷம் கோடையில் அலிகாந்தே கடற்கரைக்கு வந்து கற்றுக்கொண்ட பேச்சு அவருடையது.

"வணக்கம்" என்றவர், மேசையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எலோய் அவருக்குப் பின்னால் நின்றான். திறந்து கிடந்த இரண்டையும் பார்த்தான். மூன்றாவதில் நுழைந்திருந்த கத்தியையும் அதைப் பிடித்திருந்த கையையும் பார்த்தான். அவன் காதுமடல் சிவந்தது. அவன் தன்னை அடிப்பான் என்று அவள் ஒரு கணம் நினைத்தாள். இதுவரை அடித்ததில்லை.

"இது... பழுதா?" என்று கேட்டார் ஸ்டைனார்.

மழை பீப்பாயில் கொட்டியது.

"ஈரத்துல மூடியாச்சு" என்றாள் கசில்டா. "மானி தப்பு. நான் கொண்டுவந்த மானி. உங்க ஊர்க் குளிருக்கு வெடிச்சிரும். ஒண்ணு நேத்து வெடிச்சிருச்சு, மாடியில இருக்கு."

ஸ்டைனார் எலோயைத் திரும்பிப் பார்த்தார். "நாப்பத்தெட்டுன்னு எழுதினீங்க."

"மானி அதைத்தான் காட்டுச்சு" என்றான் எலோய். அப்புறம், பற்களுக்கு நடுவில் இருந்து வருவது போல, "குச்சி வேற சொல்லியிருக்கும். நான் குச்சியைக் கேக்கலை."

ஸ்டைனார் குடையைச் சுவரில் சாய்த்தார். மேசைக்குப் போய், திறந்து கிடந்த கிதாருக்குள் பார்த்தார். கைபேசி விளக்கைப் போட்டு, குச்சிகளின்மேல் விரலை ஓட்டினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"முப்பத்தோரு வருஷமா கிதார் விக்கிறேன்" என்றார். "உள்ளே பாத்ததே இல்லை."

அவருக்கு அதற்கு மேல் அங்கே வேலை இல்லை. கிறிஸ்துமஸுக்குச் சுவர் காலியாக இருக்க முடியாது, பழைய கம்பெனிக்கே எழுத வேண்டியதுதான் என்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, ஊரில் மழை நிற்குமா என்று கேட்கிற குரலில் சொன்னார். கோடையில் எழுதுங்கள், கொக்கி இருந்தால் சொல்கிறேன் என்றார். கசில்டா அப்புறம் கிண்டிக் கொடுத்த மிகாஸை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். நாலரை மணி ரயிலுக்கு எலோயே கொண்டுபோய் விட்டான்.

அவன் திரும்பி வந்தபோது அவள் மூன்றாவதை முடித்திருந்தாள். எலோய் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். கையை மடித்துவிட்டுக்கொண்டான். மேசைக்கு வந்து அவள் வெட்டிய ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இங்க மரத்தைக் கிழிச்சிருக்கே."

"எங்க?"

"இங்க. இடுப்புக்கிட்ட. கத்தி சூடு பத்தலை."

"நீ பண்ணு அப்ப."

அவன் கத்தியை வாங்கி அடுப்பில் வைத்தான். நான்காவதை இழுத்துக் கவிழ்த்தான். அவள் பிடித்துக்கொண்டாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மிச்சத்தைத் திறந்து உள்குச்சிகளையும் பெயர்த்து முடித்தார்கள். பேசியது கொஞ்சம்தான், அதுவும் கத்தியைப் பற்றி. திங்கட்கிழமை காலைப் பேருந்தில் எலோய் வலென்சியா போனான்.

ஒன்பது கிதாரும், அவற்றின் முதுகுகளும், சமையலறைக் கூரையில் பன்றித் தொடை தொங்கவிடும் கம்பியில் தொங்கின. முதுகில் சாக்பீஸால் எண் போட்டிருந்தான். வருகிறவர்கள் தலையில் இடித்துக்கொண்டார்கள். நியேவெஸ் ஒவ்வொரு முறையும் "கசாப்புக் கடைக்கு வந்துட்டேனா" என்று கேட்டாள். அவள் எலோயிடமிருந்து என்ன செய்தி என்று கேட்கும்போது, "கழுத்து செதுக்கறான்" என்று கசில்டா சொல்வாள்.

கோள்சொல்லியை அடுப்புக்கு எதிர்ச்சுவரில் அடித்திருந்தாள். விடியுமுன் கொட்டகைக்குக் கிளம்பும்போது விளக்கைப் போட்டு முதலில் அதைத்தான் பார்ப்பாள். டிசம்பர் பாதிவரை வாசல் பக்கமே சாய்ந்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு நட்டமாக நின்றது. எலோய் நான்கு நாள் வந்து தூங்கிவிட்டுப் போனான். போகும்போது அவனும் குச்சியை ஒரு தடவை பார்த்தான். ஜனவரி இரண்டாம் வாரம் வானம் ஒரேயடியாகத் துடைத்துக்கொண்டது. வடக்கிலிருந்து காற்று வந்தது. உதடு வெடித்தது, உலர்த்திய துணி பலகையாக விறைத்தது.

ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்குக் கொட்டகையிலிருந்து வந்து, எருவாடையோடு அப்படியே நின்று பார்த்தாள். குச்சி சன்னலைப் பார்த்து வில்லாக வளைந்திருந்தது. கைபேசியை எடுத்தாள்.

ரொம்ப நேரம் மணி அடித்த பிறகு எடுத்தான். பின்னால் இயந்திரங்கள் இரைந்தன.

"என்ன? வேலையில இருக்கேன்."

"சன்னல் பக்கம் சாஞ்சிருச்சு."

"எவ்வளவு?"

"கை அகலம்."

இயந்திரச் சத்தம் மட்டும் வந்தது. யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"இன்னிக்குப் புதன்கிழமை, கசில்டா. சனிக்கிழமை வர்றேன்."

"சனிக்கிழமை வரைக்கும் நிக்குமான்னு குச்சிக்குத் தெரியாது."

"லீவு கேட்டா திரும்ப எடுக்க மாட்டான்."

"சரி."

"கொக்கி இருக்குமான்னும் தெரியாது."

"தெரியாது."

அவள் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஏதோ ஒரு இயந்திரம் மெதுவாகச் சுழன்று இறங்கி நின்றது. அது மட்டும்தான் நின்றது, மற்றவை ஓடிக்கொண்டிருந்தன.

"வஜ்ஜிரத்தை ஊறப் போடு" என்றான் எலோய்.